மேற்கு வெயிலுக்கு ஜன்னலும் கதவும்: மதுரை வீடொன்றில் 13 மாத வேலைக் குறிப்பு

ஹால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் இந்தச் சித்திரையில், மாலை 4.30 மணிக்கு, 37 டிகிரி. போன சித்திரையில் அதே நேரத்துக்கு 44. சோபாத் துணி 51லிருந்து 34க்கு இறங்கியிருக்கிறது. மதுரையில் மேற்குப் பார்த்த வாசல், தரைத்தளம், எதிரே காலி மனை. ஹால் ஜன்னல், படுக்கையறை ஜன்னல், தேக்கு வாசல் கதவு, மொட்டைமாடிக் கதவு என்று நான்கு இடத்தில் வேலை நடந்தது. ஜன்னல் இரண்டுக்கும் வெவ்வேறு வழி எடுத்ததால், எந்த வழி காசுக்குத் தகுந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

முதலில் சாக்பீஸ்

எதையும் வாங்குவதற்கு முன் சாக்பீஸும் டேப்பும் போதும். மாலை 3 மணி முதல் அரை மணிக்கொரு தரம், வெயில் தரையில் விழும் ஓரத்தைக் கோடு போட்டு நேரத்தை எழுதவேண்டும். சித்திரை பிறக்கும் நாள்களில் நண்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும். மாலையில் ஏறக்குறைய நேர் மேற்கே இறங்கும். அப்போது 3 மணிக்கு அதன் உயரம் 50 டிகிரி, 4 மணிக்கு 35, 5 மணிக்கு 20. மேற்கு ஜன்னலின் கஷ்டமெல்லாம் இந்தக் கடைசி இரண்டு எண்ணில்தான்.

ஹால் ஜன்னல் 5 அடி அகலம், 4 அடி உயரம். தரையிலிருந்து 3 அடியில் தொடங்கி 7 அடியில் லிண்டல். மேலே ஒன்றரை அடி சன்ஷேடு. 4 மணிக்கு அந்த சன்ஷேடின் நிழல் ஜன்னலின் மேல் ஓரத்திலிருந்து 32 செ.மீ. வரைதான் வருகிறது. மீதி 90 செ.மீ. திறந்த வெயில். தரையில் சுவரிலிருந்து 4¼ அடி தொடங்கி 7¾ அடி வரை வெயில் பட்டை. அது சரியாக சோபா இருக்கும் இடம். 5 மணிக்குப் பட்டை 8 அடியில் தொடங்கி 16½ அடி வரை ஓடி எதிர்ச்சுவரையே தொட்டுவிடுகிறது.

சன்ஷேடை 2 அடியாக நீட்டலாம் என்று கொத்தனார் சொன்னார். கணக்குப் போட்டால் 4 மணிக்கு நிழல் 32லிருந்து 42 செ.மீ. ஆகும், 5 மணிக்கு 17லிருந்து 22. ஐந்து செ.மீ. நிழலுக்காக சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்ட வேண்டாம் என்று அந்த யோசனையை அங்கேயே விட்டாயிற்று. சன்ஷேடு மழைக்கும் தெற்கு வெயிலுக்கும் நல்லது. மேற்கில் வெயில் அதன் அடியில் புகுந்து வருகிறது.

வெப்பம் பார்க்க ரூ. 1,150க்கு வாங்கிய துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானி. இதில் ஒரு பொறி உண்டு: பளபளப்பான அலுமினியம், கண்ணாடியின் உலோகப் பூச்சு ஆகியவற்றின் மேல் பிடித்தால் அது தப்பான எண் காட்டும். அங்கெல்லாம் இரண்டு அங்குல மாஸ்கிங் டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் கழித்து டேப்பின் மேல் பிடிக்கவேண்டும். சாதாரணக் கண்ணாடி, மரம், ஓடு, துணி எல்லாம் நேராகவே சரியாக வரும்.

கறுப்பு ஃபிலிம்: பதினோரு நாள்

முதல் முயற்சி மலிவானது, தப்பானது. பழைய மர ஜன்னலில் ஆறு கண்ணாடி, 4 மி.மீ. சாதா கண்ணாடி. அவற்றின் உள்பக்கம் கறுப்பு சன் ஃபிலிம், சதுர அடி 90 ரூபாய், 20 சதுர அடிக்கு ரூ. 1,800. ஒட்டிய அன்று அறை மங்கலாகி, குளிர்ந்த மாதிரித் தோன்றியது. கண்ணாடியின் உள்பக்கமோ 44லிருந்து 53க்கு ஏறியிருந்தது. கறுப்பு ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை. தானே குடித்துக் கண்ணாடியைச் சுடவைக்கிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு அறைக்குள்தான் வரும்.

பதினோராம் நாள் இரண்டு கண்ணாடி விரிசல் விட்டன. விரிசல் ஓரத்தில் செங்குத்தாகக் கிளம்பி, ஒரு அங்குலம் போனபின் வளைந்து ஓடியிருந்தது. கல் பட்டால் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலப் பிரியும்; இது அப்படியில்லை. நடுக்கண்ணாடி கொதிக்க, மரக்காடிக்குள் புதைந்த ஓரமும் சன்ஷேடு நிழல் விழும் மேல்பகுதியும் ஆறியே இருக்க, இழுபறியில் ஓரம் பிளந்துவிட்டது. கையால் அறுத்த பழைய கண்ணாடியின் ஓரத்தில் சின்னச் சின்னச் சில்லு இருந்தால் அங்கேதான் தொடங்கும். டஃபண்டு, அதாவது சூளையில் சுட்டு வலுவேற்றிய கண்ணாடி இந்த இழுவையைத் தாங்கும், சாதாக் கண்ணாடி தாங்காது. ஃபிலிமே போடவேண்டுமென்றால் திருப்பி அனுப்பும் வகை, அதுவும் கண்ணாடி டஃபண்டா என்று பார்த்தபின்.

உள்ளே கனத்த திரை போட்டாலும் கதை இதேதான். துணி வெளுப்பது குறையும், சூடு உள்ளே வந்தது வந்ததுதான். வெளுப்பைப் பற்றி இன்னொன்று: புற ஊதாக் கதிரை மட்டும் தடுத்தால் துணியும் மரமும் வெளுக்காது என்று விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே 0.38 மி.மீ. பிவிபி என்னும் பிளாஸ்டிக் தாள் வைத்த லாமினேட்டட் கண்ணாடியே புற ஊதாவில் 99 சதவீதத்தை நிறுத்திவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து மீதி வெளுப்பைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

ஹால்: சாதாக் கண்ணாடி, வெளியே லூவர்

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தவேண்டும் என்று முடிவானது. அதற்குத்தான் லூவர், அதாவது சாய்த்து அடுக்கிய பட்டைத் தடுப்பு: 75 மி.மீ. அகல அலுமினியப் பட்டைகள், 45 டிகிரி வெளிப்பக்கம் சாய்த்து, 70 மி.மீ. இடைவெளியில். இந்த அளவு ஊகமில்லை. 75 மி.மீ. பட்டையை 45 டிகிரி சாய்த்தால் கிடைமட்டமாக 53, செங்குத்தாக 53 மி.மீ. இடம் பிடிக்கும். சூரியன் 18 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை ஒரு கதிரும் நேராக உள்ளே வராது. சித்திரையில் அது 5 மணி 10 நிமிடம் வரை. பட்டையைச் சாய்க்காமல் படுக்கையாக வைத்தால் இதே காப்புக்கு 70க்குப் பதில் 24 மி.மீ. இடைவெளி வேண்டும், பட்டை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, காற்றும் போகாது.

சட்டம் 25×50 மி.மீ. அலுமினியக் குழாய். மொத்தம் இரண்டு கதவு, ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம், 20 பட்டை, ஏழு கிலோ சொச்சம் எடை. சுவரிலிருந்து 75 மி.மீ. தள்ளி நிற்கிறது. சுவரோடு ஒட்டிவைத்தால் பட்டையின் சூடு கண்ணாடிக்கே இறங்கும். தள்ளிவைத்தால் நடுவே காற்று மேலேறிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். பவுடர் கோட்டிங் வெள்ளை. அடர் பிரவுன் கேட்டால் வீட்டு முகப்புக்கு எடுப்பாக இருக்கும் என்று ஃபேப்ரிகேட்டர் சொன்னார். மாதிரித் துண்டு இரண்டையும் மதியம் மூன்று மணிக்கு வெயிலில் வைத்துப் பார்த்ததில் வெள்ளை 46, பிரவுன் 63. வெள்ளைப் பட்டை வெளிச்சத்தை மேலே அடித்து உள்ளே அனுப்புகிறது என்பது கூடுதல் லாபம். மாலை நான்குக்கு ஹாலில் விளக்கு தேவைப்படவில்லை.

ஜன்னலைத் தேர்ந்தெடுக்கையில் லூவர் ஒரு சிக்கலைக் கிளப்பியது. வெளியே திறக்கும் ஜன்னல் கதவு லூவரில் இடிக்கும். உள்ளே திறக்கலாம் என்றால் க்ரில் குறுக்கே. மிஞ்சியது ஸ்லைடிங்: இரண்டரை ட்ராக், ஒன்றில் கொசு வலை. ஸ்லைடிங் பாதிதான் திறக்கும்; அதன் பிரஷ் சீல் புழுதியை முழுதாகத் தடுக்காது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறை.

ஜன்னல் சட்டம் யூபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக். அந்தப் புரொஃபைலில், அதாவது சட்டக் குழலில், பார்க்கவேண்டியது மூன்று. சட்டத்துக்குள் கால்வனைஸ்டு இரும்பு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்திப் பார்க்கவேண்டும், சிலர் நடுவில் மட்டும் ஒரு துண்டு சொருகிவிடுவார்கள். அறுத்த முனையைக் கேட்டு வாங்கி வெளிச்சுவர் கனத்தை அளக்கவேண்டும். இங்கே வந்தது 2.5 மி.மீ. மூன்றாவது, அவர்கள் நாலைந்து வருடம் முன்பு மாட்டிய ஒரு மேற்கு ஜன்னலைக் காட்டச் சொல்வது. விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டினாலோ, வெயில் படும் பக்கம் மஞ்சளாகி நிழல் பக்கம் வெள்ளையாக இருந்தாலோ, வெயில் தாங்கும் டைட்டானியம் டைஆக்ஸைடு அந்தப் புரொஃபைலில் போதவில்லை.

கண்ணாடி 5 மி.மீ. டஃபண்டு, நிறமில்லாதது. மூலையில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர முத்திரை பொறித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் போகாது. டஃபண்டு கண்ணாடியை ஒருமுறை சூளையிலிருந்து எடுத்தபின் அறுக்கவோ துளைக்கவோ முடியாது. அதனால் அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. பழைய நிலையைப் பெயர்த்தபின் திறப்பின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்ததில் 1508, 1502, 1511 மி.மீ. இருப்பதிலேயே சின்னது 1502. அதில் 12 கழித்து 1490க்கு ஜன்னல் செய்யச் சொன்னோம். மூலைவிட்டம் இரண்டும் 9 மி.மீ. வித்தியாசம். அதைக் கொத்தனார் பூச்சில் சரிசெய்தார். ஜன்னலைக் கோணலாகச் செய்யச் சொல்லக்கூடாது.

அந்த 12 மி.மீ. எதற்கு என்பதைப் பொருத்த வந்தவர்கள் மதிக்கவில்லை. மதியம் கவனிக்காத நேரத்தில் இடைவெளி முழுவதையும் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டார்கள். நான்காம் நாளிலிருந்து ஒரு வினோதம்: காலையில் விரலால் தள்ளினால் ஓடும் ஸ்லைடிங் கதவு, மாலை நாலரைக்கு இறுகிக்கொள்ளும், இரவு எட்டுக்கு மறுபடி ஓடும். உருளையை மாற்றினார்கள், எண்ணெய் விட்டார்கள். கீழ்ச்சட்டத்தின் மேல் மட்டக்கோலை வைத்துப் பார்த்தபோதுதான் நடுவில் 3 மி.மீ. மேலே வளைந்திருப்பது தெரிந்தது. யூபிவிசி ஒரு மீட்டருக்கு, 10 டிகிரி ஏறினால் 0.7 மி.மீ. நீளும். விடிகாலை 25 டிகிரி, மாலை 55 டிகிரி என்றால் ஒன்றரை மீட்டர் சட்டம் 3 மி.மீ.க்கு மேல் நீண்டாகவேண்டும். பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே எழும்பியது.

கலவையைக் கூரான உளியால் கொத்தி எடுக்க ஒரு முழுநாள். பிறகு நான்கு பக்கமும் பியூ ஃபோம் என்னும் ஊதி நிரப்பும் நுரை, உள்ளும் வெளியும் 10 மி.மீ. பேக்கர் ராடு என்னும் நுரைக் கயிறு திணித்து அதன் மேல் சிலிக்கான். சிலிக்கான் நியூட்ரல் வகை. குழாயைத் திறந்தால் புளித்த வாடை அடிப்பது அசிடிக், அது பூச்சில் ஒழுங்காகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். ஆங்கர் ஃபாஸ்னர் மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி ஒன்று, பிறகு 600 மி.மீ.க்கு ஒன்று. கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகளைச் சிலிக்கானால் மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

லூவருக்கு மூன்று திருத்தம் வந்தது. மார்கழியில் சூரியன் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும். லூவரை ஜன்னலின் அகலத்துக்கே சரியாகச் செய்திருந்ததால், தெற்கு ஓரத்தில் அந்த 75 மி.மீ. சந்து வழியாக இரண்டு அங்குல வெயில் பட்டை உள்ளே விழுந்தது. 6 அங்குல அலுமினியத் தகடு ஒன்றைப் பக்கவாட்டில் அடித்து அடைத்தாயிற்று, ரூ. 450. அதே சந்தில் அணில் கூடு கட்டியது. மேலும் கீழும் 12 மி.மீ. கண்ணி வலை. காற்றைத் தடுக்காது, அணிலைத் தடுக்கும். மூன்றாவது ஆடிக்காற்று. அம்மியைத் தூக்கும் காற்றுக்கு ஏழு கிலோ லூவர் எம்மாத்திரம். மேற்கிலிருந்து நேராக அடிக்கையில் ஒற்றைக் கொண்டியில் நின்ற கதவு இரவெல்லாம் தடதடத்தது. மேலும் கீழும் 8 அங்குல டவர் போல்ட், இடிக்கும் இடத்தில் ரப்பர் புஷ். சத்தம் நின்றது.

செலவு: ஸ்லைடிங் ஜன்னல் கண்ணாடியோடு சதுர அடி 620 வீதம் ரூ. 12,400. லூவருக்கு அலுமினியம் 5,100, பவுடர் கோட்டிங் 1,400, செய்கூலி 2,500, மாட்டுகூலி 1,000. ஆக ரூ. 22,400, சதுர அடிக்கு 1,120. கொத்தி எடுத்துத் திரும்பப் பூசிய தண்டச்செலவு 1,600 இதில் சேரவில்லை.

படுக்கையறை: விலையுயர்ந்த கண்ணாடி, வெளியே ஒன்றுமில்லை

இந்த ஜன்னல் 4×4 அடி. முழுதாகத் திறந்து இரவுக் காற்று வரவேண்டும் என்பதால் வெளியே திறக்கும் இரட்டைக் கதவு. லூவர் இல்லாத குறையைக் கண்ணாடி ஈடுகட்டவேண்டும்: வெளியே 6 மி.மீ. சோலார் கன்ட்ரோல் பூச்சு போட்ட டஃபண்டு, நடுவே 12 மி.மீ. காற்று, உள்ளே 5 மி.மீ. சாதா டஃபண்டு. கடையில் கேட்கவேண்டிய எண் எஸ்எச்ஜிசி. மேலே விழும் வெயில் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது அது. சாதாக் கண்ணாடிக்கு 0.8க்கு மேல். வாங்கியது 0.29. ‘யூ வேல்யூ’ என்று இன்னொரு எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். அது கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள காற்றுச் சூட்டின் வித்தியாசத்துக்கு. ஏசி ஓடும் அறைக்கு அது உதவும்; மேற்கு வெயிலுக்கு முதலில் பார்க்கவேண்டியது எஸ்எச்ஜிசி. பூச்சில்லாத வெறும் இரட்டைக் கண்ணாடி நேர் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது. சத்தம் குறையும், அவ்வளவுதான்.

மாட்டி முடித்த மறுநாள் அளந்தால் இடது கதவின் உள்கண்ணாடி 41, வலது 44. ஒரே வெயில், ஒரே கண்ணாடி. இரவில் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக்கு முன் பிடித்தபோது விடை கிடைத்தது. இரட்டைக் கண்ணாடியில் நான்கு பரப்பு, அதனால் நான்கு சுடர் தெரியும். பூச்சு உள்ள பரப்பின் சுடர் மட்டும் நிறம் மாறி இருக்கும். வெளியிலிருந்து எண்ணினால் அது இரண்டாவதாக இருக்கவேண்டும். வலது கதவில் மூன்றாவதாக இருந்தது; கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பூச்சு குடித்த சூடு வெளியே போகாமல் அறைப்பக்கக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டியைக் கழற்றித் திருப்பிப் போட இருபது நிமிடம். பணம் கொடுப்பதற்கு முன் இந்த மெழுகுவர்த்திச் சோதனையைச் செய்யாதது தப்பு.

எடை இன்னொரு சிக்கல். கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 11 மி.மீ. என்றால் ஒரு கதவில் கண்ணாடி மட்டும் 16 கிலோ. இரண்டு மாதத்தில் கைப்பிடிப் பக்கம் 3 மி.மீ. தொங்கி, கதவு கீழ்ச்சட்டத்தில் உரசியது. கீலை முறுக்கினால் ஒரு வாரம் தாங்கும். உண்மையான மருந்து கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள்: கீல் பக்கக் கீழ்மூலையில் ஒன்று, அதற்கு எதிர்மூலையில், அதாவது கைப்பிடிப் பக்க மேல்மூலையில், ஒன்று. இப்படி வைத்தால் கண்ணாடியே மூலைவிட்டத் தாங்கலாக நின்று கதவை நிமிர்த்திப் பிடிக்கும். நான்கு பக்கமும் சமமாக வைத்திருந்தார்கள். மாற்றியபின் இன்றுவரை தொங்கவில்லை.

செலவு: சட்டம் சதுர அடி 850 வீதம் 13,600, கண்ணாடி 480 வீதம் 7,680. ஆக ரூ. 21,280, சதுர அடிக்கு 1,330.

வாசல் கதவு

தேக்கு, 3½×7 அடி, 35 மி.மீ. சட்டத்தில் உள்பலகைகள். நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு 14 மாதத்தில் தோலுரிந்தது. மேற்கில் அது நிற்காததற்குக் காரணம் எளிது: பூச்சு கண்ணாடிபோல வெயிலை உள்ளே விடுகிறது, அடியில் மரத்தின் மேல்தோல் வெளுத்து மாவாகிறது, மாவின் மேல் ஒட்டிய பூச்சு பாளமாகக் கழல்கிறது. வெளிப்பக்கம் 61 டிகிரி, உள்பக்கம் 41 என்றால் வெளிமரம் காய்ந்து சுருங்க, கதவு குழிந்து வளைகிறது. உள்பலகை இரண்டு நெடுக்கப் பிளந்தும் இருந்தன. கழற்றிப் பார்த்தால் பலகையைக் காடியில் பசை போட்டு ஆணியும் அடித்திருக்கிறார்கள். ஒரு அடி அகலப் பலகை காடிக்குள் பக்கத்துக்கு 2 மி.மீ. நகர இடம் வேண்டும். கட்டிப்போட்டால் பிளந்துதான் தீரும்.

ஆசாரி சட்டத்தைப் பிரித்து ஆணியை எடுத்து, காடியை ஆழப்படுத்தி, பிளவில் தேக்குச் சிம்பு திணித்து ஒட்டினார். மக்கு வைத்தால் அடுத்த கோடையில் உதிர்ந்துவிடும். பழைய பூச்சை ஹீட் கன்னும் சுரண்டியும் கொண்டு எடுத்து, 80, 120, 180 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மூன்று நாள் வேலை. அதற்கு மேல் படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கும், நிறமி கலந்த வெளிப்புற வுட் ஸ்டெயின், மூன்று கை. நிறமிதான் வெயிலை மறைக்கிறது. நிறமே இல்லாத ஸ்டெயினில் பயன் குறைவு. கதவின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டுக்கும் கட்டாயம் அடிக்கவேண்டும். ஈரம் ஏறுவதும் இறங்குவதும் அந்த அறுத்த முனைகளில்தான், அதுதான் எல்லோரும் விட்டுவிடும் இடம். ஆளி விதை எண்ணெய் கலந்த சரக்கு என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் தண்ணீர் வாளியில் முக்கவேண்டும், தானாகவே தீப்பிடிக்கும்.

ஸ்டெயின் மரத்தைக் காக்கும், சூட்டைக் குறைக்காது. அதற்கு சன்ஷேடு நுனியிலிருந்து மூங்கில் தட்டி, 5×8 அடி, ரூ. 2,800. கீழே இரண்டு கொக்கியில் மாட்டிவிடவேண்டும். கதவின் வெளிப்பக்கம் 61லிருந்து 40க்கு வந்தது. தட்டி இரண்டு மூன்று வருடம் தாங்கினால் போதும். கதவு மாற்றினால் அறுபதாயிரம்.

மொட்டைமாடிக் கதவில் முதலில் இருந்தது ஃப்ளஷ் கதவு, பிளை பிரிந்து வாய் பிளந்தது. அதற்குப் பதில் போட்ட டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) கதவு ஒரே கோடையில் 7 மி.மீ. வளைந்து தாழ்ப்பாள் சேராமல் போனது. குளியலறைக்கு நல்ல சரக்கு, நேர் வெயிலுக்கு இல்லை. இப்போது இரும்பு ஆங்கிள் சட்டத்தில் 20 கேஜ் கால்வனைஸ்டு தகடு, வெள்ளை பெயின்ட், சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி. சொல்ல வேறொன்றுமில்லை, வேலை செய்கிறது.

இந்தச் சித்திரை அளவுகள்

மாலை 4.30, வெளியே நிழலில் 38 டிகிரி. ஹால்: கண்ணாடி உள்பக்கம் 37, தரை ஓடு 33, அறைக்காற்று 33. படுக்கையறை: கண்ணாடி 41, வெயில் படும் ஓடு 37, அறைக்காற்று 34. சதுர அடிக்கு 210 ரூபாய் குறைவாகச் செலவான ஹால்தான் ஜெயித்திருக்கிறது. காரணம் கண்ணாடியின் தரமில்லை. ஹாலில் கண்ணாடி வெயிலையே பார்க்கவில்லை. ஆனால் படுக்கையறை ஜன்னலை மாதம் ஒருமுறை துடைத்தால் போதும், லூவரின் 40 பட்டைகளைப் பதினைந்து நாளுக்கொரு தரம் துடைக்கவேண்டும், ஒவ்வொரு தரமும் முக்கால் மணி நேரம். பூச்சுக் கண்ணாடி பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிபோல மறைக்கும். இரவில் விளக்குப் போட்டால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும், திரை வேண்டும்.

மறுபடி செய்வதாக இருந்தால் லூவரை இரண்டு பக்கமும் 150 மி.மீ. அகலமாகவும், பட்டை இடைவெளியை 70க்குப் பதில் 65 ஆகவும் வைப்போம். அப்படிச் செய்தால் 13 டிகிரிவரை, சித்திரையில் ஐந்தரைவரை, வெயில் நிற்கும். க்ரிலை லூவர் சட்டத்தோடு சேர்த்து வெளியே கொண்டுபோனால் ஹாலிலும் உள்ளே திறக்கும் முழு ஜன்னல் போடலாம். ஃபிலிமுக்குக் கொடுத்த 1,800ஐ முதல் நாளே மூங்கில் தட்டிக்குக் கொடுத்திருக்கலாம்.

படுக்கையறைக்கும் போன வாரம் ஒரு தட்டி வந்துவிட்டது, 4½×6 அடி, ரூ. 1,900. கண்ணாடி 41லிருந்து 36க்கு இறங்கியது. ஆனால் தட்டியை இறக்கினால் ஜன்னல் கதவு பாதிக்கு மேல் திறக்காது. ஆறரைக்குத் தட்டியைச் சுருட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும்.